சித்தப்பாவின் ஃபெண்டருக்கு ஒரு பெட்டி

பேஸ் கிடார் என்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர், "ஆறு கம்பிக்குப் பதிலா நாலு கம்பி இருக்குமே, அதுவா?" என்பார்கள். அதேதான். மீதிப் பாதிப் பேருக்கு அதுவும் தெரியாது. ஆனால் தெரியாமலே தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலேஜ் பஸ்ஸில் ராஜா பாட்டு ஓடும்போது பாட்டுக்கு அடியில் 'தும்... தும்தும்' என்று ஒன்று தனியாக நடந்து போகுமே, அந்தச் சத்தம்தான். ராஜாவுக்கு சசிதரன், ரகுமானுக்கு கீத் பீட்டர்ஸ் என்று அதை வாசித்தவர்களின் பெயர்கள்கூட கேசட் அட்டையைப் படிக்கிற ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்தச் சத்தத்தைப் பற்றியதுகூட இல்லை. அதை வைக்கிற பெட்டியைப் பற்றியது. பி.காம். படிக்கிற பெண்ணுக்கு கிடார் பெட்டியோடு என்ன வேலை என்று கேட்டால், ஒரு மாதமாக எனக்கு அந்த ஒரு வேலைதான். கேட்டுப் படித்த எல்லாவற்றையும் எங்காவது இறக்கி வைக்காவிட்டால் காஸ்டிங் பரீட்சையில் எழுதி வைத்துவிடுவேன் போலிருக்கிறது. :-)

என் சித்தப்பாவுக்குத் தென்காசியில் உரக்கடை. வீடு இலஞ்சியில். 1980களின் கடைசியிலும் 90களிலும் இந்தப் பக்கம் கோயில் கொடை, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் போன ஒரு மெல்லிசைக் குழுவில் அவர்தான் பேஸ். 1989-இல் சென்னையில் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்ற ஃபெண்டர் ஜாஸ் பேஸை, சித்தியின் இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கியிருக்கிறார். அதில் ஒரு வளையல் திரும்பி வந்தது. இன்னொன்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கிடார் 1972-இல் செய்தது. இன்றைக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கப் போனால் இரண்டரை லட்சத்துக்குக் குறைந்து கிடைக்காது.

பிறகு கீபோர்டு வந்தது. வலது கையில் வயலினும் புல்லாங்குழலும், இடது கையில் பேஸும் ஒரே ஆள் வாசித்தால், மேடைக்குச் சொந்தக்காரர் எதற்கு இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பார்? ஊர் ஊராக பேஸ் வாசித்தவர்கள் காணாமல் போனது இப்படித்தான். சித்தப்பாவும் உரக்கடையில் உட்கார்ந்துவிட்டார். கிடார் ஒரு பழைய ரெக்சின் உறைக்குள் பீரோ மேலே ஏறிவிட்டது. ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், காதை மரத்தில் ஒட்ட வைத்து வாசிப்பார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் சிரிப்பு வராது.

அந்தக் குழுவில் பாடிய மாமா இப்போது ஷார்ஜாவில் இருக்கிறார். பழைய ஆட்கள் நாலு பேரைச் சேர்த்து ஜனவரியில் அங்கே ஒரு கச்சேரி ஏற்பாடு செய்திருக்கிறார். "பேஸோட வந்தாத்தான் டிக்கெட் போடுவேன்" என்று நிபந்தனை வேறு. சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நீதான கணக்குப் புலி. இதை எதுல வச்சிக் கொண்டுபோகணும்னு நீயே பாத்துச் சொல்லு."

முதலில் நான் சொன்னது, கொண்டுபோகவே வேண்டாம் என்றுதான். அங்கேயே ஒரு பேஸ் வாடகைக்கு எடுக்கலாம். பெட்டிக்குச் செலவு செய்கிற காசில் வாடகை அடங்கிவிடும். வணிகவியல்படி இதுதான் சரி. சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "முப்பது வருசம் கழிச்சி மேடை ஏறுறவன அடுத்தவன் செருப்பப் போட்டுக்கிட்டு ஏறச் சொல்லுதியா?"

சரி, பெட்டி.

கடையில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது மெத்தை வைத்த துணிப்பை, தோளில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்கிற கெட்டிப் பெட்டி. மூன்றாவதுதான் பிளைட் கேஸ் என்று பெருமையாகச் சொல்லப்படுவது. பிளைவுட்டில் செய்து, ஓரமெல்லாம் அலுமினியப் பட்டி அடித்து, மூலைக்கு மூலை எஃகு உருண்டை வைத்து, பட்டர்ஃபிளை லாக் போட்டது. மைக்செட் கடைக்காரர்கள் ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் எல்லாம் அதில்தான் வைத்திருப்பார்கள். பார்த்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது போலிருக்கும்.

ஆனால் 'பிளைட் கேஸ்' என்ற பெயருக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெட்டியையும் அப்படிச் சொல்லி விற்கலாம். உண்மையான அளவுகோல் அமெரிக்க விமான நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஏ.டி.ஏ. 300 என்கிற விதிமுறை. அது கிடாருக்காக எழுதியதே இல்லை, விமான உதிரி பாகங்களை அனுப்பும் பெட்டிகளுக்காக எழுதியது. அதில் முதல் வகைப் பெட்டி குறைந்தது நூறு தடவையாவது போய்வரத் தாங்க வேண்டும். பாட்டுக்காரர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே கடைக்காரர் பிளைட் கேஸ் என்றால், "ஏ.டி.ஏ. 300-ல எந்த வகை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

தென்காசியில் மைக்செட் வைத்திருக்கிற ஒரு அண்ணன் தன்னுடைய ஆசாரியிடமே ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். 9 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே ஸ்பாஞ்ச், பதினோராயிரம் ரூபாய். இறக்குமதியான பிளாஸ்டிக் பெட்டிக்கு எனக்குச் சொன்ன விலை பத்தொன்பதாயிரம். ஊர்க்காரர் செய்வது, பாதுகாப்பும் அதிகம், விலையும் குறைவு. யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் தராசை எடுத்துக்கொண்டு போனேன். உரக்கடைத் தராசு, பொய் சொல்லாது.

அண்ணனிடம் அதே அளவில் இருந்த பெட்டி 14 கிலோ. கிடார் நாலரை. மொத்தம் பதினெட்டரை. சித்தப்பா டிக்கெட்டில் அனுமதி 20 கிலோ. மிச்சம் ஒன்றரைக் கிலோவில் அவருடைய துணிமணி, சித்தி கொடுத்துவிடும் முறுக்கு, மாமா கேட்ட கருப்பட்டி! பிளாஸ்டிக் பெட்டி ஐந்தரை கிலோதான். அதில் வைத்தால் பத்துக் கிலோ மிச்சம். வருகிற போதும் இதே கணக்கு. கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று இரண்டு தடவை கட்டினால் அந்த எட்டாயிரம் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். இதைத்தான் வகுப்பில் வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு என்று சொல்லித் தருகிறார்கள். எடையை விட்டாலும் இன்னொன்று இருக்கிறது. தனியாகப் போகும் ஐம்பத்தெட்டு வயசு ஆள் பதினெட்டரைக் கிலோப் பெட்டியைத் தென்காசியிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் வரைக்கும் தூக்கி ஏற்றி இறக்க வேண்டும். பிளைவுட் பெட்டி லாரியில் ஸ்பீக்கரோடு போகிற குழுக்களுக்கு. அவர்கள் பெட்டி மேல் பெட்டி அடுக்குவார்கள், அங்கே அதுதான் வேண்டும். சித்தப்பா லாரியில் போகவில்லை.

நீளமும் ஒரு தலைவலி. ஜாஸ் பேஸ் நுனி முதல் அடி வரை கிட்டத்தட்ட 117 சென்டிமீட்டர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 180-ஐத் தொடும். சாதாரணமாக ஒரு லக்கேஜுக்கு விமானங்களில் சொல்லும் அளவு 158. எந்தப் பெட்டியை வாங்கினாலும் இது அளவு மீறிய சாமான்தான். அதனால் பெட்டி வாங்குவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்திருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், லியோ ஃபெண்டர் 1951-இல் பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டு வந்ததன் பெரிய லாபமே அதைச் சுலபமாகத் தூக்கிப் போகலாம் என்பதுதான். அதற்கு முன் ஆளுயர டபுள் பேஸைத்தான் காரின் தலையில் கட்டி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள்.

கழுத்தைக் கழற்றி ஒரு சூட்கேஸில் வைத்தால் என்ன என்றும் பார்த்தேன். நாலு ஸ்க்ரூதான், கழற்றலாம். சிலர் செய்கிறார்கள். ஆனால் மரத்தில் போட்ட ஸ்க்ரூவை ஒவ்வொரு பயணத்துக்கும் கழற்றி மாட்டினால் ஓட்டை லூஸாகும். சித்தப்பாவிடம் சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தூக்கம் வந்தால் அடுத்த பத்திக்குத் தாவலாம்.

நம் சாமானை இன்னொருவர் கையில் கொடுத்துத் திருப்பி வாங்கினால் அது பெயில்மெண்ட். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 148-ஆவது பிரிவு, முதல் வருஷத்திலேயே நெட்டுரு போட்டிருப்போம். வாங்கிக்கொண்டவர் தன் சொந்தச் சாமானைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 151 சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரயிலுக்கும் விமானத்துக்கும் தனிச் சட்டம் வந்து அதன் மேல் ஒரு மூடி போட்டுவிடுகிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, புக் பண்ணி ரசீது வாங்காத லக்கேஜுக்கு ரயில்வே பொறுப்பில்லை. நம் கையிலேயே வைத்திருந்தால் அவர்களுடைய கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். புக் பண்ணினாலும், மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்குக் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு நூறு ரூபாய்தான் உச்சம். பத்துக் கிலோப் பெட்டிக்கு ஆயிரம் ரூபாய். சித்தப்பா ரயிலில் போன காலத்திலெல்லாம் கிடாரைப் பர்த்தில் படுக்க வைத்து, தான் காலைக் குறுக்கி ஓரத்தில் உட்கார்ந்து போனது இந்தச் சட்டம் தெரியாமலே எடுத்த மிகச் சரியான முடிவு.

விமானத்தில் உள்நாட்டுப் பயணம் என்றால் லக்கேஜுக்கு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய்தான் எல்லை. வெளிநாட்டுக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம், இந்தியா 2009-இல் சேர்ந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அதன் எல்லை 1,519 எஸ்.டி.ஆர்., நம் பணத்தில் சுமாராக 1.8 லட்சம். மேலே சொன்ன விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், துண்டு விழுகிறது. கூடுதல் மதிப்பை அறிவித்து, கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கட்டலாம். அது போகட்டும். அந்த ஒப்பந்தத்தில் 17-ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சாமானுக்குள்ளேயே இருக்கும் குறையால், அதன் இயல்பால் சேதம் வந்திருந்தால், அந்த அளவுக்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை. துணிப்பையில் ஒரு கிடாரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கழுத்து உடைந்து வந்தது என்று நின்றால், "உடையும் சாமானை இப்படியா கட்டுவது?" என்று அந்த வரியைத் தூக்கிக்கொண்டு வர நிறைய இடம் இருக்கிறது. பெட்டி என்பது அடியைத் தாங்க மட்டும் இல்லை, பிறகு வாதாடவும் வேண்டும். சேதம் இருந்தால் சாமான் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும் என்பது 31-ஆவது பிரிவு. சித்தப்பாவிடம் வாங்கிய பில் கிடையாது (வளையல் அடகு ரசீது கணக்கில் சேராது). அதனால் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோக்கள் எடுத்து, மதிப்புக்கு ஒரு கடிதமும் வாங்கி வைத்தோம்.

புகார் நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு டேவ் கரோல் கதை இருக்கிறது. கனடாக்காரர். 2008 மார்ச்சில் சிகாகோ விமான நிலையத்தில் அவருடைய டெய்லர் கிடார் உடைந்தது. பழுது பார்க்கச் சுமார் 1,200 டாலர். 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று சொல்லி யுனைடெட் நிறுவனம் பணம் தர மறுத்தது. மனுஷன் 2009 ஜூலையில் அதையே பாட்டாக்கி யூடியூபில் போட்டார், உலகமே பார்த்தது. நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2014-இல் சரோத் மேதை அம்ஜத் அலி கான் லண்டனிலிருந்து டெல்லிக்கு வந்தபோது அவருடைய நாற்பத்தைந்து வருஷத்து சரோத் வந்து சேரவில்லை. சில நாள் கழித்துக் கிடைத்தது. அவர் அம்ஜத் அலி கான் என்பதால் பேப்பரில் வந்தது. இலஞ்சி உரக்கடைக்காரர் என்றால் வருமா?

பெட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் வெளிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். டொக் டொக் என்று கெட்டியாக இருந்தால் திருப்தி. நான் படித்ததில் எனக்கு உறைத்த விஷயம், கிடார் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அடியால் உடைவதில்லை, உள்ளே தானே ஆடி உடைகிறது. பெட்டி விழுந்து சட்டென்று நிற்கும். உள்ளே இருக்கும் கிடார் நிற்காது. உடல் பிடித்திருந்து, தலை பிடிப்பில்லாமல் தொங்கினால் கழுத்து விசுக்கென்று வளையும். ஏற்கெனவே நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ அளவுக்கு அந்தக் கழுத்தை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. ஆகவே உடலும் கழுத்தும் மெத்தையில் இறுக்கமாக உட்கார வேண்டும். தலை மட்டும் எதிலும் இடிக்காமல், சுற்றிலும் இடம் விட்டு இருக்க வேண்டும். வில்லுப்பாட்டுக்காரர்கள் குடத்தைப் பிரிமணையில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வைக்கோல் வளையம், அதில் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் தாங்க வேண்டுமோ அந்த இடத்தில் தாங்குகிறது.

கடையில் சோதிப்பது சுலபம். கிடாரை வைத்து மூடி, பெட்டியை நிமிர்த்தி, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். உள்ளே 'தட்' என்று ஒரு சத்தம் வந்தாலும் வேண்டாம். நாங்கள் பார்த்த பிளாஸ்டிக் பெட்டியிலும் முதலில் 'தட்' வந்தது. கழுத்துக்கு அடியில் விரற்கடை இடைவெளி. அங்கே ஃபோம் வெட்டி வைத்ததும் சத்தம் போய்விட்டது. மைக்செட் அண்ணனின் பெட்டியில் எந்தக் கிடாரையும் வைக்கலாம் என்பதுதான் பெருமை. எந்தக் கிடாரையும் வைக்கலாம் என்றால் எந்தக் கிடாருக்கும் பொருந்தாது என்றுதானே அர்த்தம்.

ஃபோம் என்றதும் சாரல் ஞாபகம் வந்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இருக்காது. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் ஈரமும் எங்கள் வீட்டுக்குள்தான் வரும். நீங்கள் குற்றாலத்துக்கு வந்து, மெயின் அருவியில் குளித்து, புரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். எங்கள் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அப்பளம் நமுத்துப் போகும். பீரோவில் வைத்த பட்டுப் புடவையில் பூஞ்சணம் பூக்கும். அதே பீரோ மேலே முப்பது வருஷம் இருந்த கிடார் என்ன ஆகியிருக்கும்? ரெக்சின் உறை உள்ளே பச்சை பிடித்திருந்தது. கிடார் தப்பியதற்கு ஒரே காரணம், தினமும் ராத்திரி வெளியே எடுத்துத் துடைத்து வாசித்ததுதான்.

இங்கேதான் நல்ல பெட்டி எதிரியாக முடியும். ரப்பர் வளையம் வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் பெட்டி வெளி ஈரத்தைத் தடுக்கும், சரி. சாரல் நாளில் கிடாரை உள்ளே வைத்து மூடினால் அந்த ஈரத்தையும் வெளியே விடாது. சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரியேதான். பைகளுக்குள் வைக்கிற, தண்ணீர் உறிஞ்சாத, விரலால் அமுக்கினால் கெட்டியாக இருக்கும் ஃபோம் இருக்கிறதே, அதில்தான் இடைவெளிகளை அடைத்தோம். ஒரு சின்ன ஈரமானி, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 45-லிருந்து 55 சதவீதம் மரத்துக்கு நல்லது என்கிறார்கள். இலஞ்சி வீட்டில் நான் வாங்கிய அன்றைக்கு 84 காட்டியது. ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனார் சித்தி. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு மூடி வைத்ததில் இரண்டு நாளில் 58-க்கு வந்தது.

அந்தக் கிடாரின் விரல் பலகை ஈட்டி மரம். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஃபெண்டர் நம் நாட்டு ஈட்டியைத்தான் அதிகம் பயன்படுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். இந்த மலைத்தொடரில் எங்கோ வளர்ந்து, கலிபோர்னியா போய், கிடாராகித் திரும்பி வந்து, எங்கள் வீட்டில் சாரல் குடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. 2017-இல் ஈட்டி வகை மரங்களுக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்து, 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் எத்தனை கிடார்க்காரர்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்களோ.

கடைசியில் பிளாஸ்டிக் பெட்டியே வந்தது. பணம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. சித்தி கையைப் பார்த்தேன், இரண்டு வளையல் இருந்தது, நிம்மதி. சித்தப்பா பெட்டியை மூன்று நாள் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தார். திறப்பார், மூடுவார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூடினதுக்கு அப்புறம் உள்ள என்ன இருக்குன்னே தெரியமாட்டேங்கே" என்றார். அதற்குத்தானே பெட்டி என்றேன். ரெக்சின் உறையைத் தூக்கிப் போட விடவில்லை. அது இப்போது பீரோ மேலே காலியாக இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முழுக்க இல்லை. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். ஷார்ஜாவில் இறங்கியதும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அறையில் அப்படியே வைத்து, பிறகு திறக்க வேண்டும். விமானத்துக்கு அடியில் குளிர்ந்து வந்த மரத்தில் ஈரக் காற்று பட்டால் வியர்க்கும். இதை ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். "ஆறு மணி நேரம் திறக்கக் கூடாதா? எனக்குக் கை நிக்காதுட்டி" என்கிறார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேலே என்ன எழுதுவது? 'உடையும் பொருள்' என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்கிறேன் நான். விலை உயர்ந்தது என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும், ஒன்றும் எழுதாதே என்கிறார் மைக்செட் அண்ணன். சித்தப்பா பழைய குழுவின் பெயரைச் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதச் சொல்கிறார். பெயின்டும் வாங்கி வந்துவிட்டார்.